யாருக்கு, எந்தக் கிழமை

அந்த மருந்துக்கடையில் ஒரு தகர டப்பா இருந்தது. எப்போதோ பிஸ்கட் வாங்கியபோது வந்தது. மூடியிலிருந்த பூங்கொத்துப் படம் தேய்ந்து, பூ எது துரு எது என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தது. மூடி அப்படி இறுகியிருக்கும். திறப்பதென்றால் டப்பாவை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்ப வேண்டும். ‘டப்’பென்று ஒரு சத்தம் கடை முழுக்கக் கேட்கும். கேட்டதும் மருந்தாளுநர் எந்த மூலையில் இருந்தாலும், கையில் எந்த வேலை இருந்தாலும், தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுப்பாள்.

“யாருக்கு?”

“தையற்காரருக்கு.”

“எந்தக் கிழமை?”

“புதன்.”

இரண்டு பதிலும் சரியாக வந்தால்தான் டப்பாவுக்குள் இருக்கும் மாத்திரை வெளியே வரும். கேள்வி கேட்பவள் மனைவி, பதில் சொல்பவர் புருஷன். வருஷக்கணக்காக நடக்கிற இந்தக் கூத்தைப் பார்த்துப் பழகிய தையற்காரர், சில நாள் தானே முந்திக்கொண்டு, “எனக்குத்தாம்மா, புதன்கிழமைதாம்மா” என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுவார்.

டப்பாவுக்குள் இருந்தது மூட்டுவாதத்துக்கான மஞ்சள் மாத்திரை. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, பார்த்தால் பயமே வராது. வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டும். “வாரம் ஒண்ணு போட்டா மருந்து, தினம் ஒண்ணு போட்டா விஷம். வயித்துப் பிள்ளைக்காரி பக்கத்துலயே வரக் கூடாது” என்று கடை திறந்த புதிதிலேயே மனைவி சொல்லிவிட்டாள். படித்தவள் அவள்; உரிமமும் அவள் பெயரில்தான். கணவர் கல்லாவையும் அலமாரியையும் கவனித்துக்கொண்டு, நின்று நின்றே பாதி மருந்தின் பெயரைக் கற்றுக்கொண்டவர். அவரை நம்பி மற்ற எல்லாவற்றையும் விட்டவள், இந்த ஒன்றை மட்டும் டப்பாவில் போட்டு மூடினாள்.

கணவருக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது. கடைக்கு வருகிற நாலு பேர் முன்னால் துருப்பிடித்த தகரத்தை வயிற்றில் வைத்து நெம்புவது அவருக்கு மானம் போகிற காரியம். அதிலும், மருந்துக்கடைகளுக்குத் தரச்சான்று கொடுக்கப்போகிறார்கள், தேறுகிற கடை வாசலில் அதற்கென்று ஒரு பலகை மாட்டலாம் என்ற செய்தி வந்ததிலிருந்து மனிதர் தலைகால் தெரியாமல் திரிந்தார். காலையில் எழுந்தால் தரம், படுத்தால் தரம். தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தால்கூட, “தரமா கழுவு” என்பார். தெருவில் அவருக்குத் தரக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை.

குறை சொல்வதற்கில்லை, உழைத்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார். குளிர்பெட்டிக்கு வெப்பமானி வாங்கினார். காலாவதியான மருந்தைப் போடச் சிவப்புத் தொட்டி, கை கழுவத் தனிக் குழாய், மருந்து பெயரும் வேளையும் அச்சடித்து ஒட்டும் சின்ன இயந்திரம். எல்லாம் நல்லதுதான். கெட்டது எது என்றால், ஆய்வுக்கு முந்தின வாரம் மனைவி ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தபோது அவர் அலமாரியில் கை வைத்தது. ஒரே கம்பெனிப் பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அடுக்கினார். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்கு நடுவே தகர டப்பா கண்ணை உறுத்தியது. உள்ளிருந்த மஞ்சள் மாத்திரைப் பெட்டியை எடுத்து, அதே கம்பெனி வரிசையில், இரண்டாம் தட்டின் இடது கோடியில் செருகினார். டப்பாவைப் பின்னறைக்குக் கொண்டுபோய் ரப்பர் வளையமும் பழைய பேனாவும் போட்டு வைத்தார்.

இரண்டாம் தட்டின் இடது கோடியில் அதுவரை இருந்தது ஃபோலிக் ஆசிட். கர்ப்பிணிகள் தினம் ஒன்று போடுகிற சத்து மாத்திரை. அதுவும் சின்னது, மஞ்சள். பழைய பெட்டி தீர்ந்திருந்ததால், அன்று வந்த புதுப் பெட்டியை மூட்டுவாத மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே மச்சினி வந்தாள். மனைவியின் ஒரே தங்கை, அடுத்த தெருவில் குடியிருப்பவள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கேட்பவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்த பிறகு, இப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று அக்காவிடமும் அத்தானிடமும் மட்டும் சொல்லியிருந்தாள்.

“அக்கா இல்லையா அத்தான்? டாக்டர் சத்து மாத்திரை எழுதியிருக்காங்க.”

“அக்கா இல்லன்னா என்ன, நான் இல்லையா? உக்காரு. புது மெஷின்ல முதல் லேபிள் உனக்குத்தான்.”

அப்போது பலகை எழுதுகிறவன் ஃபோனில் கூப்பிட்டான். எழுத்து எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்று அவனோடு வாதாடிக்கொண்டே தரக்காரர் கையை நீட்டினார். கை பழகிய இடத்துக்குப் போயிற்று. பெட்டி திறந்திருந்தது, கை ஒரு அட்டையை உருவியது. கைக்கு என்ன தெரியும், பாவம். அவர் ‘தினமும் ஒன்று, மதியம் சாப்பிட்ட பின்’ என்று அச்சடித்து, அட்டையின் பின்பக்கம் மருந்துப் பெயர் மறையும்படி சுருக்கமில்லாமல் ஒட்டி, ஒரு அடி தள்ளிப் பிடித்து அழகு பார்த்துக் கொடுத்தார். டப்பா திறக்கவில்லை. சத்தம் கேட்கவில்லை. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மனைவி அலமாரியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “டப்பா எங்க?”

“ஆய்வு முடியட்டும். அப்புறம் நீ டப்பா என்ன, அண்டாவே வச்சுக்க. இப்ப வர்றவங்க அதைப் பார்த்தா சிரிப்பாங்க.”

“நேத்து யாராவது அந்தப் பெட்டியில கை வச்சீங்களா?”

“யாரும் தொடல. தையற்காரரே இன்னும் வரலையே.”

மனமறிந்து சொன்ன பொய் இல்லை அது. அதனால்தான் அவள் நம்பினாள். “ஆய்வு வரைக்கும்தான். அதுவரைக்கும் அந்தப் பக்கம் நான் மட்டும்தான் கை வைப்பேன்” என்று சொல்லி, அரை மனதாக விட்டாள். விட்டதற்காகப் பிற்பாடு அவள் தன்னை எத்தனை திட்டிக்கொண்டாலும், அது பெருந்தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. புருஷனின் ஆசைக்கு ஒரு வாரம் விட்டுக்கொடுக்காத வீடு எங்கே இருக்கிறது.

ஆய்வு நாள் வந்தது. காலையில் கடை திறக்கும்போதே தங்கை ஃபோன் செய்தாள். வாயெல்லாம் புண், எதையும் மெல்ல முடியவில்லை என்றாள். பக்கத்திலிருந்த தரக்காரர், “சூடு. தண்ணி குடிக்கச் சொல்லு” என்றார். மனைவி ஃபோனில், “கடைக்கு வா, நான் பார்க்கறேன்” என்றாள்.

ஆய்வாளர் ஐம்பது வயதுக்காரி, மெதுவான பேச்சு. குரலை உயர்த்தாதவர்களைக் கண்டால் தரக்காரருக்குக் கூடுதல் பயம். குளிர்பெட்டியைத் திறந்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், சிவப்புத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து தானே கை கழுவிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். தலை ஆடும்போதெல்லாம் தரக்காரர் ஒரு விரற்கடை உயர்ந்தார்.

“தவறான ஆளுக்குத் தவறான மருந்து போயிடாம எப்படிப் பார்த்துக்கறீங்க?”

“ஒருத்தர் எடுப்போம், ஒருத்தர் சரிபார்ப்போம் மேடம். ஆபத்தான மருந்துன்னா ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுப்போம்.”

மனப்பாடம் செய்த பதில் இல்லை. உண்மையைத்தான் சொன்னார், போன வாரம் வரைக்குமான உண்மை. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரத்தில்தான் தங்கை உள்ளே வந்தாள். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அக்கா அவளை வெளிச்சத்துக்கு இழுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாக்கின் ஓரத்திலும் உதட்டுக்கு உள்ளேயும் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது.

“புதுசா ஏதாவது மாத்திரை போட்டியா?”

“ஒண்ணும் இல்லக்கா. அத்தான் கொடுத்த சத்து மாத்திரை மட்டும்தான். ஒரு நாள்கூட விடல.”

அக்காவின் நெற்றி சுருங்கியது. சத்து மாத்திரைக்கு இப்படி வராதே என்று அவள் யோசிப்பது வெளியில் தெரிந்தது. ஆய்வாளர் சிநேகமாகச் சிரித்து, “நீங்க இந்தக் கடைக்கு வழக்கமா வர்றவங்களா? மாத்திரையை எப்படிப் போடணும்னு சொல்லித் தர்றாங்களா?” என்று கேட்டாள். தங்கை பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். ஒட்டியிருந்த லேபிள் இன்னும் புதுசாகவே இருந்தது.

“ரொம்பத் தெளிவா அச்சடிச்சிருக்கீங்க. எல்லாக் கடையும் இப்படிச் செஞ்சா நல்லா இருக்கும்.”

தரக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதற்குமேல் என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு. மனைவி தங்கையைப் பின்னறைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, “மென்னு தின்ன முடியலன்னா எனக்கு மதியத்துக்குக் கொண்டுவந்த கஞ்சியாவது குடி. இவங்க போனதும் உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு முன்னால் வந்தாள்.

ஆய்வாளர் அலமாரிக்கு நகர்ந்திருந்தாள். இரண்டாம் தட்டின் முன் நின்றவள் முதல் முறையாகத் தலையை ஆட்டாமல் நின்றாள்.

“இது ரெண்டையும் இப்படிப் பக்கத்துல வைக்கக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஒண்ணு தினமும் போடறது, ஒண்ணு வாரத்துக்கு ஒரு தடவை போடறது. கை மாறினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.” சொல்லிக்கொண்டே ஃபோலிக் ஆசிட் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினாள். “நல்ல வேளை, இதை இன்னும் பிரிக்கவே இல்லை.”

தரக்காரர் பார்த்தார். பெட்டியின் வாயில் கம்பெனி முத்திரை ஒட்டியபடியே இருந்தது. ஒரு நகக்கீறல்கூட இல்லை. பக்கத்துப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மச்சினி வந்த அன்று சாயங்காலம் அவர் எந்தப் பெட்டியையும் பிரிக்கவில்லை. திறந்திருந்த பெட்டியிலிருந்துதான் எடுத்தார். அது அவருக்கு இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. பலகை எழுதுகிறவனின் குரல் நினைவுக்கு வந்தது. மச்சினி நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

“மாத்தி வச்சிடறேன் மேடம்” என்றார்.

“இதை மட்டும் குறிச்சுக்கறேன். மத்தபடி எல்லாம் பிரமாதம். பலகைக்கு இடம் பார்த்துட்டீங்களா?” என்று ஆய்வாளர் சிரித்தபடியே முன்பக்க மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கெட்ட மனிதர்கள் மட்டும்தான் இப்படி நிற்பார்கள் என்று யார் சொன்னது. இவள் எழுதி முடிக்கட்டும், எழுந்து போகட்டும், வாசல் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. நாலைந்து மாத்திரைதானே. மனைவி டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டாளே. ஆனால் டாக்டரும் இதே லேபிளைத்தானே படிப்பார் என்று அவருக்கே தெரிந்தது. ஆய்வாளர் ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். பின்னறையில் டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஓடினார் என்று சொல்ல முடியாது, ஓடினால் கேட்பார்கள். விறுவிறுவென்று போனார். மச்சினி ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் அட்டையுமாக இருந்தாள். கஞ்சி பாதி குடித்தபடி இருந்தது. கட்டைவிரல் மாத்திரையைப் பிதுக்குகிற இடத்தில் அழுந்தியிருந்தது.

“குடும்மா அதை. அது பழசு. புதுசு தரேன்.”

அவள் கேள்வி கேட்காமல் கொடுத்தாள். அத்தான் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. அவர் திரும்பி நின்று லேபிளின் ஒரு முனையை நகத்தால் நெருடி மெல்ல உரித்தார். நல்ல பசை, கிழியாமல் முழுசாக வந்தது. அடியில் அந்தப் பெயர் இருந்தது. எதிர்பார்த்த பெயர்தான். ஆனாலும் இரண்டு முறை படித்தார்.

இப்போது கையில் லேபிள் தனியாகவும் அட்டை தனியாகவும் இருந்தன. முன்னால் அலமாரியில் சரியான மாத்திரை இருந்தது. ஒரு அட்டையை எடுத்து, இந்த லேபிளை அதில் ஒட்டிக் கொடுத்துவிட்டால், உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இதைச் சிவப்புத் தொட்டியில் போட்டால் முறைப்படி அழித்துவிடுவார்கள். வாய்ப்புண் ஆறிவிடும். மற்றது நடந்தால், இத்தனை வருஷம் கழித்துத் தங்கியது தங்கவில்லை என்று ஊர் பேசும். விதி என்று சொல்வார்கள். மனைவிகூட அப்படித்தான் சொல்லி அழுவாள். அவரும் பக்கத்தில் நின்று அழலாம். இது முழுவதும் அவர் மனதில் ஒரு மூச்சுக்குள் ஓடியது. ஓடியது என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“அத்தான்.” மச்சினி தயங்கித் தயங்கிப் பேசினாள். “அக்காகிட்ட சொன்னா பயந்துடுவா. காலையில இருந்து அடிவயித்துல லேசா ஒரு வலி. புள்ளை வளர்ற வலிதானே அது? அப்படித்தானே இருக்கும்?”

முன்னால் போய்ச் சொல்லலாம் என்று ஒரு அடி வைத்தார். எப்படித் தொடங்குவது. ஏம்மா, ஒரு சின்ன விஷயம் என்றா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் என்றா. இருபது வருஷம் வாய் ஓயாமல் பேசிய கல்லாப்பெட்டி வாய்க்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஜன்னலோரம் தகர டப்பா இருந்தது. உள்ளே பேனாக்கள் இருந்தாலும் வழக்கம் தெரிந்த மூடி, வழக்கம்போல் இறுகிக் கிடந்தது. கஞ்சிக் கிண்ணத்திலிருந்த கரண்டியை எடுத்தார். மச்சினி விழித்துப் பார்க்க, டப்பாவை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினார்.

‘டப்.’

முன்னால் ஆய்வாளரோடு பேசிக்கொண்டிருந்த மனைவி, பேச்சை நிறுத்தாமல், தலையைத் திருப்பாமல், பழக்கத்தில் குரல் கொடுத்தாள்.

“யாருக்கு?”

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அந்த டப்பா இப்போது அலமாரியில் இல்லை. அதற்குள் மருந்தும் இல்லை. பேச்சு பாதியில் நின்றது. ஆய்வாளரின் பேனா நகரும் சத்தமும் நின்றது.

“உன் தங்கச்சிக்கு” என்றார் அவர்.

அவள் எழுந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பின்னறை வாசலில் வந்து நின்றாள். அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள், உரித்த லேபிளைப் பார்த்தாள், தங்கையின் வாயைப் பார்த்தாள். எல்லாம் புரிந்த முகம் அது. ஆனாலும் கேட்டாள். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் அவள் ஒருநாளும் விட்டதில்லை. இந்த முறை குரல் மூச்சுக்காற்று அளவுக்குத்தான் வந்தது.

“எந்தக் கிழமை?”

“தினமும்.”